ஆள் வராத துணிகள்

நினைவுக் கூட்டத்துக்காக அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி மண்டபக்காரர் கேட்டபோதுதான், தனக்கு அம்மாவைப் பற்றி நாலு வரி தெரியாது என்பது பெரியண்ணனுக்குத் தெரிந்தது. அதனால் நாற்பது பக்கம் எழுதிவிட்டார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சந்தேகம் கேட்க லாண்டரிக்கு ஃபோன் செய்தார். மத்தியான நேரம். தங்கை அப்போது லாட்ஜ் படுக்கை விரிப்பு ஒன்றை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு வயது நாற்பத்தேழு. வீட்டிலும் கடையிலும் பெயர் பாப்பா.

“பாப்பா, அம்மாவுக்குப் பிடிச்ச நிறம் என்ன?”

“தெரியலைண்ணே.”

“என்ன தெரியலை? நீதானே முப்பது வருஷமா கூடவே இருக்கே?”

“வெள்ளைத் துணின்னா கறை தெரியும், கறுப்புத் துணின்னா நூல் பிசிறு தெரியும்னு சொல்லுவாங்க. பிடிக்கும்னு எதையும் சொன்னதில்லை.”

“சரி விடு, நீலம்னு போட்டுடறேன். ஆகாயம், கடல்னு ரெண்டு வரி சேத்துக்கலாம்.”

ஃபோனை வைத்தபின் பாப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனுக்குத் தெரியாதது சரி. முப்பது வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்றவள், ஒருநாள் கேட்டிருக்கலாமே.

படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துப் பின்னால் போக வேண்டும், ஓர் உதறு உதற வேண்டும், சுருக்கம் போக இழுக்க வேண்டும், பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். விரல்கள் தொட்டதும் ஒருத்தி விடுவாள், மற்றவள் பிடித்துக்கொள்வாள். அம்மாவும் மகளும் ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை இப்படிச் சேர்ந்து பிரிந்திருக்கிறார்கள். பேச்சு எதுவும் இருக்காது. “உதறு”, “இழு”, “விடு.” அவ்வளவுதான். அம்மா போய் இரண்டு வாரமாயிற்று. இப்போது மோவாய்தான் மறுமுனை. தலையணை உறைக்கு அது போதும். இரட்டைக் கட்டில் விரிப்பு தரையில் புரண்டுவிடுகிறது.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவும் சீட்டு எழுதும் மேஜையும். நடுவில் இஸ்திரி மேஜை. பின்னால் இரண்டு துவைக்கும் இயந்திரங்கள். அதில் ஒன்று எந்நாளும் ரிப்பேர். இஸ்திரிக்காரருக்கு நீராவிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியைத் தனக்கு வேண்டிய பேச்சுக்கு மட்டும் பயன்படுத்துவார். பாப்பா அவரை மாமா என்பாள். அவர் யாருக்கும் மாமா இல்லை.

அப்பா போனபோது பெரியண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. அதன்பிறகு பெரியண்ணனைப் படிக்க வைத்தவை சட்டைக் காலர்கள், சின்னண்ணனைப் படிக்க வைத்தவை லாட்ஜ் விரிப்புகள். பாப்பாவின் முறை வந்த வருஷம் அம்மாவுக்கு முட்டி வலி வந்திருந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பாப்பா படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ‘இந்த முனையைக் கொஞ்சம் பிடி’ என்றுதான் அம்மா சொன்னாள். பிடித்தாள், பிடித்தபடியே இருந்தாள்.

அம்மாவின் வேலைமுறை அம்மாவுடையது. துணியின் உள்மடிப்பில் கலர் நூலால் முடிச்சுப் போடுவாள். சிவப்பு நூல் இரண்டு முடிச்சென்றால் பல் டாக்டர், பச்சை ஒன்று என்றால் மெடிக்கல் ஷாப்காரர். சீட்டில் எழுதுவது வாடிக்கையாளருக்கு, நூல் தனக்கு. சீட்டின் பின்பக்கம் எல்லாக் கடைச் சீட்டிலும் இருப்பது போல ஒரு வரி இருக்கும்: ‘முப்பது நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளாத துணிகளுக்குக் கடை பொறுப்பல்ல.’ அதைப் போடாதே என்று அம்மா அச்சாபீசுக்குச் சொல்லிப் பார்த்தாள். “அது இல்லேன்னா சீட்டு மொட்டையா இருக்கும்மா” என்று அச்சாபீஸ்காரர் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவும் அடித்துக்கொண்டே இருந்தாள். புதுச் சீட்டுப் புத்தகம் வந்ததும் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, நூறு சீட்டிலும் அந்த வரியைப் பேனாவால் ஒரே கோடாக அடிப்பாள். கண் சரியாகத் தெரியாமல் போன பிறகும் கை அந்த இடத்துக்குத் தானாகப் போகும்.

“நம்மகிட்ட குடுத்த துணிக்கு நாம பொறுப்பில்லேன்னா, பின்ன யாரு, அச்சாபீஸ்காரனா?” என்பாள்.

அதனால் கடையின் கடைசிக் கம்பியில் ஆள் வராத துணிகள் தொங்கின. ஒரு கல்யாணக் கோட்டு, ஒரு பள்ளிச் சீருடை, மூன்று பேன்ட், ஒரு பட்டுப்புடவை. சீருடைக்காரப் பெண் இந்நேரம் பிள்ளை பெற்றிருப்பாள். ஆனாலும் அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி நிழலில் உலர்த்துவாள். பட்டைப் பழைய மடிப்பில் மடிக்கக் கூடாது, மடிப்பிலேயே விட்டுப் போகும். வேறு கணக்கில் மடித்து வைப்பாள். இஸ்திரிக்காரர் கிண்டலடிப்பார்.

“அந்தக் கோட்டுக்காரன் டைவர்ஸே பண்ணியிருப்பான். தூக்கிப் போடு தாயி.”

“வருவாங்க” என்பாள் அம்மா.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடியவள் பிறகு திறக்கவில்லை. அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் பாப்பா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

பெரியண்ணி பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாள். உள்ளே ஏழு காட்டன் புடவை. ஏழும் வெளுத்து ஏழும் ஒரே நிறமாகியிருந்தன. இருந்த நல்ல புடவைகளை அம்மா இரண்டு மருமகள்களுக்கும் எப்போதோ கொடுத்து முடித்துவிட்டாள். பெரியண்ணி அதில் ஒன்றைத்தான் உடுத்தியிருந்தாள்.

“சங்கத் தலைவர் வந்துக்கிட்டிருக்காரு. இந்தக் கந்தலைக் கட்டியா கிடத்தறது?” என்றார் பெரியண்ணன். அவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். துக்கத்திலும் அதை மறக்கிறவர் இல்லை. “கடையில இவ்வளவு துணி தொங்குது, அம்மாவுக்கு ஒரு புடவைக்கா பஞ்சம்?”

அவர் சும்மா சொன்ன பேச்சு அது. பாப்பாதான் கடைக்குப் போனாள். கடைசிக் கம்பியில் அரக்கு நிறம், பச்சைக் கரை, ஒன்பது வருஷமாக ஆள் வராத புடவை. தொட்டபோது கை கூசியது. ஆனால் அம்மாவை அந்த வெளுத்த துணியோடு அனுப்பவும் மனசு வரவில்லை. ஒன்பது வருஷம் வராதவளா இனி வரப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டு போனாள். இஸ்திரிக்காரர் பார்த்தார். கட்டி முடித்த பிறகுதான் முந்தானை ஓரத்தில் மஞ்சள் நூல், மூன்று முடிச்சு, அப்படியே இருப்பது கண்ணில் பட்டது. அறுக்கக் கத்தரி தேடினாள். அதற்குள் தலைவர் வந்துவிட்டார்.

நினைவுக் கூட்டத்துக்கு முதல் நாள் அந்தப் புடவைக்கு ஆள் வந்தது.

ஒல்லியான அம்மாள், எழுபது வயது இருக்கும். கையில் துணிப்பை. மேஜை மேல் ஒரு சீட்டை வைத்து, பறக்காமல் இருக்க ஒரு விரலால் அழுத்திக்கொண்டாள்.

“பழைய சீட்டு. திட்டாம வாங்கிக்கணும்.”

பாப்பா நம்பரைப் பார்த்தாள். அம்மாவின் எழுத்து. ‘அரக்குப் பட்டு 1. டீச்சர்.’

“வீட்டுக்காரருக்குத் திடீர்னு வாதம் வந்து, பொண்ணு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவரு படுக்கையிலயே எட்டு வருஷம். போன வருஷம் போயிட்டாரு. எனக்கு இப்பத்தான் அவ வீட்டைவிட்டு வெளியே வர முடிஞ்சது. மூணு மணி நேரம் பஸ்ல வந்தேன். இருக்காது, வித்திருப்பாங்கன்னா மக. நான் சொன்னேன், அந்தக் கடையம்மா விக்க மாட்டாங்கடி, முடிச்சுப் போட்டு வைப்பாங்கன்னு.” பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். “எங்கே அவங்க?”

“அம்மா… இறந்துட்டாங்க. இருபது நாளாச்சு.”

டீச்சர் விரலைச் சீட்டிலிருந்து எடுத்தாள். “அடடா” என்று மட்டும் சொன்னாள். பிறகு, “புடவை?” என்றாள்.

நடுவிலிருந்த நீராவிச் சத்தம் நின்றது. இஸ்திரிக்காரர் காது அன்றைக்கு முழுசாக வேலை செய்தது.

“நாளைக்கு வாங்கம்மா” என்றாள் பாப்பா. “மேலே பெட்டியில போட்டிருப்பாங்க. தேடணும்.”

“நாளைக்கா? பரவால்ல, இங்க ஒரு பழைய சிநேகிதி வீட்டுல தங்கிக்கறேன். ஒன்பது வருஷம் பொறுத்தவ, ஒருநாள் பொறுக்க மாட்டேனா?”

அவள் போனதும் இஸ்திரிக்காரர், “எந்தப் பெட்டி பாப்பா?” என்று கேட்டார்.

“மாமா, சும்மா இருங்க.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். உங்கம்மாதான் இருக்க மாட்டா. ஒரு கைக்குட்டை தொலைஞ்சதில்லைன்னு மார்தட்டிக்கிட்டிருந்தவ. கடைசியில அவளே கட்டிக்கிட்டுப் போயிட்டா.”

சாயங்காலம் மண்டபத்தில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்த பெரியண்ணனிடம் போய் பாப்பா விஷயத்தைச் சொன்னாள். சின்னண்ணன் பக்கத்தில் நின்றார். அவர் பெரியண்ணன் எதைச் சொன்னாலும் பாதியிலேயே தலையாட்டிவிடுவார், முழுசாகக் கேட்கிற சிரமம் அவருக்குக் கிடையாது.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? முப்பது நாளுக்கு மேல கடை பொறுப்பில்லை. சீட்டுலயே போட்டிருக்கு. சட்டம் நம்ம பக்கம்” என்றார் பெரியண்ணன்.

“அண்ணே, அம்மா அந்த வரியை…”

“இப்போ அம்மாவை இதுல இழுக்காதே. நாளைக்கு அன்னையோட நாள். வந்து பாரு, படம் எப்படி வந்திருக்குன்னு.”

படம் மேடையில் துணி மூடி நின்றது. அம்மா தனியாக இருக்கும் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் அகப்படவில்லை. குடும்பப் படங்களில் எல்லாம் ஓரத்தில் இருந்தாள், ஒன்றில் பாதி முகம், இன்னொன்றில் யாருடைய குழந்தையையோ தூக்கிப் பிடித்த இரண்டு கைகள் மட்டும். அதனால் கடைசி நாளில் கிடத்தியிருந்தபோது எடுத்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்.

“கண்ணைத் திறந்துட்டேன் சார். சிரிப்பு வேணுமா?” என்று கேட்டானாம் ஸ்டுடியோக்காரன்.

“லேசா” என்றாராம் பெரியண்ணன்.

ஐந்தடி உயரம், நாலடி அகலம். தங்கமுலாம் பூசிய சட்டம். மேல்மூலை இரண்டிலும் கைப்பிடி அளவுக்குப் பூமொட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மூடிய துணியை விலக்கிக் காட்டினார். பாப்பா முதலில் கண்ணைத்தான் பார்த்தாள், அது வேறு யாருடைய கண்ணோ. பிறகு புடவையைப் பார்த்தாள். அரக்கு நிறத்தை ஸ்டுடியோக்காரன் இன்னும் கொஞ்சம் எடுப்பாக்கியிருந்தான். முந்தானை ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. மூன்று முடிச்சையும் பெரிதாக்கியிருந்தான், என்னவென்று தெரியாமலே.

மறுநாள் கூட்டம். டீச்சரை மண்டபத்துக்கு வரவிடாமல் முதலிலேயே கடையில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று பாப்பா காலையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். டீச்சர் வரவில்லை. சின்னண்ணன் வந்து கையோடு அழைத்துப் போய்விட்டார். கதவில் ‘நினைவுக் கூட்டம், கடை விடுமுறை’ என்று மண்டபத்தின் விலாசத்தோடு பெரியண்ணன் ஒட்டிய தாள் இருந்தது. படித்தவர்கள் வந்துவிடுவார்கள். டீச்சர் படித்தவள்.

கூட்டம் பாதியில் இருந்தபோது அவள் வாசலில் நின்றாள். பாப்பாவுக்கு மேடையில் இடமில்லை, பேச்சாளர் பட்டியலிலும் பெயரில்லை. அதில் ஒரு சௌகரியம், யாரும் கவனிக்காமல் எழுந்து போக முடிந்தது. டீச்சரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் அம்மாவை ஒரு நாளும் பார்த்திராத சிறப்புப் பேச்சாளர் அம்மாவை விளக்கு என்றார், ஆலமரம் என்றார், கலங்கரை விளக்கம் என்றார். விளக்கை ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது நினைவு வந்து இமயம் என்றார்.

“யாரைச் சொல்றாரு?” என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

“அம்மாவை.”

“அவங்க நாலரை அடிதானே இருப்பாங்க?”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. “டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து நான் சொன்னது பொய். பெட்டியில எதுவும் இல்லை. உங்க புடவையை நான்…”

கைதட்டல் எழுந்தது. பெரியண்ணன் மைக்கில், “தியாகத்தின் திருவுருவம், எங்கள் அன்னையின் திருவுருவப் படம் இப்போது” என்று இழுத்தார். சங்கத் தலைவர் கயிற்றை இழுத்தார். துணி ஒருபக்கம் சிக்கி, இரண்டாம் தடவை இழுத்ததும் விழுந்தது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அந்தக் கரை என்னோடது” என்றாள்.

“ஆமா.”

“போட்டோவுக்குக் கட்டினாங்களா?”

“இல்லை. கடைசியா அனுப்பறப்போ. நான்தான் எடுத்துக் கட்டினேன். அம்மாவுக்குக் கட்ட நல்லதா ஒண்ணும் இல்லை. ஒன்பது வருஷமாச்சே, வரமாட்டீங்கன்னு நினைச்சேன். தப்புத்தான்.”

“அப்போ புடவை இல்லை.”

“இல்லை.”

டீச்சர் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அது அவரு வாங்கினது. கட்டினது ஒரே தடவை. ஒரு காபிக் கறை பட்டுதுன்னு உங்கம்மாகிட்டக் குடுத்தேன்.” பிறகு, “பரவால்லைன்னு சொல்லுவேன்னு பாக்காதேம்மா. எனக்கு வராது” என்றாள்.

“சொல்ல வேண்டாம் டீச்சர்.”

“கறை போயிருந்துதா?”

“தெரியவே தெரியாது. நான் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்.”

கூட்டம் முடிந்ததும் பெரியண்ணன் வந்தார். தோளில் இன்னும் சால்வை. கையில் நாற்பது பக்கப் புத்தகம், அதில் ஒன்றை டீச்சரிடம் நீட்டினார்.

“தங்கச்சி சொன்னா. வருத்தமான விஷயந்தான். ஆனா நீங்க படிச்சவங்க. விதின்னு ஒண்ணு இருக்கு. சீட்டைத் திருப்பிப் பாத்தீங்கன்னா, முப்பது நாளுக்கு மேல…”

டீச்சர் சீட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அந்த வரியின் மேல் நீல மையில் ஒரு கோடு.

“இதை யார் அடிச்சது?” என்றார் பெரியண்ணன்.

“உங்கம்மா. என் கண்ணு முன்னால இல்லை. குடுக்கறப்பவே அடிச்சிருந்துது. எல்லாச் சீட்டுலயும் அடிப்பாங்களே? நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க, இதைப் போடலையா?”

பெரியண்ணன் புத்தகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். சின்னண்ணன் பழக்கத்தில் தலையாட்டினார்.

வாசல் வரை பாப்பா கூடப் போனாள். “வேற புடவை எடுத்துத் தரேன் டீச்சர். இதே மாதிரி கிடைக்காது, ஆனா…”

“வேண்டாம்.”

“சீட்டைக் குடுங்க, கிழிச்சுடறேன்.”

“சீட்டு எங்கிட்ட இருக்கட்டும்.” டீச்சர் அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். “நீ எனக்கு ஒண்ணு தரணும்னு இருக்கட்டும். இந்த ஊருல எனக்குன்னு வாங்க வேண்டியது வேற எதுவும் இல்லை.” பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

படம் யார் வீட்டுக்கு என்பதில் அன்று சாயங்காலமே சிக்கல் வந்தது. பெரியண்ணன் வீட்டுச் சுவரில் சங்கத்தின் பாராட்டிதழ்கள் நிறைந்திருந்தன. சின்னண்ணன் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கண்ணைப் பார்த்து அழுதன. ‘தற்காலிகமா’ என்று சொல்லி ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். மாட்ட ஆணி தாங்காது. இஸ்திரிக்காரரும் வண்டிக்காரரும் சேர்ந்து, கடைசிக் கம்பிக்குப் பக்கத்தில், கல்யாணக் கோட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரோடு நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் போனது. அண்ணன்கள் ஃபோன் செய்தார்கள், படத்தைப் பற்றி அல்ல. இரண்டாவது மாதம் பாப்பா கம்பித் துணிகளை இறக்கி உலர்த்தினாள். புடவை இருந்த ஹேங்கர் காலியாக ஆடியது. அதை அவள் எடுக்கவில்லை. புதுச் சீட்டுப் புத்தகம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அந்த வரியை அடிக்கத் தொடங்கினாள்.

“உங்கண்ணங்க படத்தை எடுத்துக்கிட்டுப் போக வருவாங்களா?” என்று இஸ்திரிக்காரர் நீராவிக்கு மேலே கத்தினார்.

“வருவாங்க” என்றாள் பாப்பா.

“அந்த டீச்சரு?”

பாப்பா அடுத்த சீட்டைத் திருப்பினாள். பதில் சொன்னாளோ என்னவோ, அவர் காதில் விழவில்லை.

லாட்ஜ் மூட்டை துவைத்து உலர்ந்து குவிந்து கிடந்தது. இரட்டைக் கட்டில் விரிப்புகள். முதல் விரிப்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். எட்டவில்லை, ஒரு முனை தரையைத் தொடப் பார்த்தது. தொட்டால் திரும்பத் துவைக்க வேண்டும். கொஞ்ச நேரம் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகக் கடைசிக் கம்பிப் பக்கம் நடந்தாள்.

சட்டத்தின் மேல்மூலைப் பூமொட்டுகள் கண் உயரத்தில் இருந்தன. ஒன்றில் ஒரு முனையை மாட்டினாள், மற்றதில் இன்னொன்றை. அம்மாவின் முகம் விரிப்புக்குப் பின்னால் மறைந்தது. எதிர்முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். உதறினாள். இழுத்தாள். சட்டம் அசையவில்லை, நல்ல கனம். அண்ணன் செய்த செலவில் ஒரு காரியம் ஆயிற்று.

முனைகளை ஏந்திக்கொண்டு எதிரே நடந்தாள். முலாம் பூசிய மொட்டில் விரல் பட்டது, சில்லென்று இருந்தது. சட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

“விடும்மா” என்றாள்.

மொட்டுகளிலிருந்து துணியைத் தானே கழற்றிக்கொண்டு, அடுத்த விரிப்பை எடுக்கப் போனாள். இன்னும் நூற்று நாற்பத்தொன்பது இருந்தன.